வாய் விட்டுச் சொல்லுங்க

எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. தலையில் குடத்தைத் தூக்கிவிட்டவளிடம் "வாரேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவரிடம் "நீங்க எங்கிட்டுப் போறீங்க" என்று கேட்டுக்கொண்டே உட்காருவோம். ரொம்பப் பெரிய உதவியாக இருந்தால் "நல்லா இருப்பீங்க" என்று வரும். நன்றி என்பது பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரின் அடியில் எழுதுவது, ஓட்டல் வாசலில் 'மீண்டும் வருக'வுக்கு மேலே பெயிண்ட் அடித்திருப்பது. அதை ஒருவர் வாயால் சொல்ல வைக்கலாம், சொல்லும்வரை அவரை நிற்க வைக்கலாம் என்று எனக்குத் தெரியவந்தது மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத்தான்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிப் பக்கம், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கம்பெனி இருந்தது. கண்மாய் தூர்வாருவது, அடைந்துபோன வரத்துக்காலைத் திறப்பது, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவது, கரையைப் பலப்படுத்தி நாட்டு மரக்கன்று வைப்பது இவைதான் வேலை. சென்னையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் பொதுக்காரியத்துக்கென்று ஒதுக்குவதை வாங்கிவந்து இங்கே செய்து கொடுப்பார்.

நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த சமயம். என் சர்டிபிகேட்டுகளை அவரே புரட்டிப் பார்த்தார்.

"சைட்டுக்குப் போவியா? வெயில் தாங்குவியா?"

"போவேன் மேடம்."

"அப்ப திங்கக்கெழமை வந்துரு."

"சரிங்க மேடம்" என்று எழுந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, காது மந்தமானவர்போல் தலையைக் கொஞ்சம் சாய்த்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுவரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் அப்படியேதான் இருந்தார்.

"ஏதோ சொல்ல மறந்துட்ட."

"திங்கக்கெழமை வந்துர்றேன் மேடம்."

"அது இல்ல."

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே சொல்லிக் கொடுத்தார். "நன்றின்னு ஒரு வார்த்தை இருக்கு தம்பி. வாய் விட்டுச் சொல்லு."

சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கைத்தறிச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடப்பார். இந்த வரத்துக்கால் எங்கே மறித்துக் கிடக்கிறது, நிறைந்தால் வழிகிற இந்தக் கலுங்கில் ஏன் தண்ணீர் சீக்கிரம் போய்விடுகிறது என்பதெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் சொல்லிவிடுவார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி, அதிகாரிகளோடு மல்லுக்கட்டி, உத்தரவு வாங்கிவருவார். அவர் கைவைத்த கண்மாய்களில் தண்ணீர் நின்றது. அதை நான் மறைக்கப் போவதில்லை. தண்ணீர் நின்றதால்தான் மற்றது எல்லாம் நடந்தது.

வேலை முடிந்த ஊரில் ஒரு கூட்டம் போடுவோம். மாலை போட்டால் கழற்றி வைத்துவிடுவார். தெய்வமே, தாயே என்று யாராவது ஆரம்பித்தால் முகம் சுளிப்பார். அதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. ஆட்கள் ஒவ்வொருவராக எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பது என் வேலைகளில் ஒன்றாயிற்று. கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டு நகரப் பார்க்கும் பெண்களைக் கையைப் பிடித்து நிறுத்துவார். "சிரிப்பு எதுக்கு? வாய் விட்டுச் சொல்லுங்க." ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. நேரம் ஆகிறதே என்றும் பதறியதில்லை. அவருக்கு எவ்வளவு நேரமும் காத்திருக்க முடியும்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் அவருடைய அம்மாவை ஆபீஸுக்குக் கூட்டிவந்திருந்தார். காதுக்குப் புது மிஷின் வாங்கி மாட்டிவிட்டு நேராக அங்கே வந்திருந்தார்கள். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். மேடம் தலையைச் சாய்த்தார். அந்தம்மா எங்களையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல், "நன்றிம்மா" என்றார். "இப்ப எனக்கே என் சத்தம் கேக்குது" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தம்மா நன்றி சொன்ன விதத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டிலும் இப்படித்தான் என்று எங்களுக்கு அன்றைக்குப் புரிந்தது. அக்கவுண்ட்ஸ் பார்த்த பெண் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டாள்.

என் அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாய் ஓயாத மனிதர். பாதி புதுக்கோட்டைக்கு அவர் வைத்த பட்டப்பெயர் உண்டு. ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே சுவரோடு சரிந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் மேடத்துக்குப் போன் செய்து லீவு கேட்டேன். லீவு கேட்டு முடிப்பதற்குள் அவருடைய கார் எங்கள் தெருவில் நின்றது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மேடமும் வந்தார். தெரிந்த டாக்டரை எழுப்பி, பெட் கிடைக்கும்வரை கேஷுவால்டி வாசலில் நின்றார். அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் அப்பா இல்லை. என் அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் தடுத்து, தலையைச் சாய்த்து நின்றார். அம்மா சொன்னாள். நானும் சொன்னேன்.

அப்பா வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடம் வர ஆரம்பித்தார். சாத்துக்குடி வாங்கிவருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அப்பாவுக்கு நாக்கு புரளவில்லை. நன்றி என்று சொல்லப் போனால் "நண்ணி" என்று வந்தது.

"டாக்டர் பேசிப் பழகணும்னு சொல்லியிருக்காருல்ல" என்றார் மேடம். "இதையே சொல்லிப் பழகுங்க. எங்க, இன்னொரு தடவ."

அப்பா சொன்னார். வாயோரம் எச்சில் வடிந்தது. மேடம் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தமா" என்றார். அப்படியே பல ஞாயிறு. ஒரு நாள் அந்த 'றி' ஒழுங்காக வந்துவிட்டபோது கைதட்டினார். அவர் போன பிறகு அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னார். "இனிமே அது வந்தா, நான் தூங்குறேன்னு சொல்லு."

அடுத்த வாரம் அப்படியே சொன்னேன். "தூங்கட்டும். எழுப்ப வேணாம்" என்று மேடம் உட்கார்ந்துகொண்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. மேடம் அம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கால் விரல்கள் போர்வைக்கடியில் அசைந்ததை நான் பார்த்தேன். மேடமும் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா கண்ணைத் திறந்து, "நன்றி" என்றார். பிசிறில்லாமல் வந்தது. சொல்லிவிட்டு அழுதார்.

"நன்றி உள்ள மனுசங்களுக்குத்தான் கண்ணீர் வரும்" என்று மேடம் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பாவுக்குப் போர்வையை மாற்ற வேண்டியிருந்தது.

கொடும்பாளூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெரிய கண்மாய். பல வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காமல் உள்வாய் முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த ஊரில் அடைக்கலம் என்று ஒருவர். மடைக்கு நேர் கீழே அவருக்கு வயல். தண்ணீர் பாய்ச்சுகிற விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஏறி ஏறி, அந்தக் கண்மாயை எடுத்துச் செய்யுங்கள் என்று மேடத்தை விடாமல் கேட்டவர் அவர்தான். வாடிவாசலுக்கென்று வளர்த்த ஒரு கருப்புக் காளை வைத்திருந்தார். பெண்சாதி பேர் பொன்னழகி. பிள்ளைகள் இல்லை.

கோடையில் வேலை ஆரம்பித்தோம். மண் அள்ளும் மிஷினை ஓட்டியவர் இப்ராகிம். கோட்டைப்பட்டினத்துக்காரர். சவூதியில் பல வருஷம் இதே மிஷின் ஓட்டிவிட்டு வந்தவர். வேலைக்கு நடுவில் மகளுக்கு நிக்காஹ் வந்தது. மேடம் லீவு கொடுத்து, கம்பெனிக் காரையும் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்தவர் சைட்டில் எல்லாருக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்தார். மேடத்திடமும் நீட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியா முடிஞ்சுச்சு மேடம்."

மேடம் பெட்டியை வாங்கிக்கொண்டு தலையைச் சாய்த்தார். "எனக்கு?"

"ஒங்களுக்காகவும் துஆ செஞ்சேன் மேடம்."

"அது ஆண்டவன்கிட்ட. என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

இப்ராகிம் சிரித்தார். "மனசுல வச்சிருக்கேன் மேடம். வாயில சொன்னா அது அங்கனயே முடிஞ்சிரும்ல?"

மேடமும் சிரித்தார். பெட்டியைப் பிரிக்காமல் ஜீப்பின் பானட் மேல் வைத்துவிட்டு நடந்தார். வெயிலில் அது சாயங்காலம்வரை அங்கேயே இருந்து, நெய் கசிந்து, எறும்பு மொய்த்தது. மறு வாரம் இப்ராகிமை அறந்தாங்கிப் பக்கம் வேறொரு சைட்டில் டீசல் டிரம்களுக்குக் காவலாகப் போட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. ஒரு நாள் அந்தக் காவல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பதில் வந்த ஆபரேட்டர் வடக்கே இருந்து வந்தவர். சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் அந்தக் கோட்டில் வெட்டுவார். வேறொன்றும் கேட்க மாட்டார். இப்ராகிமாக இருந்தால் மாடு இறங்குகிற இடம் எது என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு அங்கே சரிவு விட்டுத்தான் வெட்டுவார். மடைக்குப் பக்கத்தில், கரைக்கு ரொம்பக் கிட்டே, மேடம் நேராகக் கோடு போடச் சொன்னார்.

"இது குளிக்கிற எடம் மேடம்" என்றேன். "மாடு எறங்கும். சரிவு விடணும்."

"சரிவு விட்டா கோடையில தண்ணி நடுவுல போயி ஒதுங்கிரும். பாக்க வாரவங்க கரையிலதான நிப்பாங்க? அவங்க காலடியில தண்ணி தெரியணும்."

"பள்ளம் செங்குத்தா இருக்கும் மேடம்."

"ஊர்க்காரங்களுக்கு அவங்க கம்மா தெரியும். நீ ஒன் வேலையப் பாரு."

அடைக்கலம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கெணறு மாதிரில்ல எறங்குது" என்று சந்தோஷப்பட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகைக்குள் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. ஊரே கரைக்கு வந்து நின்றது. கூட்டம் போட்ட அன்று அடைக்கலத்தை யாரும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அவராகவே வந்தார். "நன்றி மேடம். நூறு தடவ சொல்லச் சொன்னாலும் சொல்றேன். நன்றி. நன்றி" என்றார். அவர் மனதாரச் சொன்னார். எல்லா ஊரிலும் வீடியோ எடுத்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். மேடத்துக்கும் தெரிந்தது. அவர் முகம் அப்படி இளகி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அதன் பிறகு அந்த வீடியோதான் எல்லா இடத்துக்கும் போயிற்று. ஆபீஸில் மேடம் சோர்வாக இருந்தால் அடைக்கலத்துக்குப் போன் போடுவார். ஸ்பீக்கரில் போடுவதால் எங்களுக்கும் கேட்கும்.

"அண்ணே, கம்மா எப்படி இருக்கு?"

"கடலு மாதிரி கெடக்கு மேடம். நன்றி மேடம்."

மேடம் கண்ணை மூடிக்கொள்வார். காப்பியின் முதல் வாயைக் குடிக்கிறவர்போல இருக்கும்.

நெல் அறுத்து முடிந்தது. தண்ணீர் மெல்ல வற்ற ஆரம்பித்தது. கண்மாயில் தண்ணீர் இறங்க இறங்க, குளிக்கிறவர்களும் மாடு கழுவுகிறவர்களும் கூடவே உள்ளே இறங்குவார்கள். நிறைந்திருந்தபோது அந்தப் பள்ளத்தின் விளிம்பு யாருக்கும் தட்டுப்படவில்லை. மாசி மாதம் ஒரு காலையில் அடைக்கலம் காளையை நீச்சலுக்குக் கொண்டுபோனார். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது அவர் வழக்கம். எப்போதும் இறங்குகிற இடத்தில்தான் இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த காளை சட்டென்று உள்ளே போயிற்று. அவரும் போனார். காளைக்கு நீந்தத் தெரியும். அது மூச்சு வாங்கி, திமிறி, அக்கரைக்கு நீந்திப்போய் ஏறியது. கயிறு அவிழவில்லை. அக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் காளை எதையோ இழுத்துக்கொண்டு வருகிறது என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

நான் போவதற்கு முன்பே மேடம் போய்விட்டார். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவர் ஏற்பாடு. போலீஸ்காரர்களுக்கு டீ கொடுத்து அனுப்பியதும் அவர்தான். பொன்னழகியின் தம்பி ஒருவர் திருச்சியிலிருந்து வந்திருந்தார். "அந்தப் பள்ளத்த யாரு வெட்டச் சொன்னது?" என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் மேடத்தின் சாமியானாவுக்குக் கீழே, மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சொன்னார்: "எத்தன வருசம் கழிச்சு தண்ணி வந்துருக்கு. இப்பப் போயி கேசு கீசுன்னு எதையும் இழுத்துராதீக." தம்பி பொன்னழகியைப் பார்த்தார். அந்தம்மா ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கருமாதி முடிந்த கையோடு தம்பி திருச்சிக்குப் போய்விட்டார்.

கருமாதி அன்றைக்கு மேடம் பொன்னழகிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கரையில வச்ச கன்னுகளுக்குத் தண்ணி ஊத்த ஒரு ஆளு வேணும். நீங்களே பாத்துக்கிடுங்க. ஒங்க வீட்டுக்காரரு பேர்ல அந்தக் கரை முழுக்க மரமா நிக்கும்." பொன்னழகி தலையாட்டினார். மேடம் கையை விடவில்லை. தலையைச் சாய்த்தார். இன்றைக்குமா என்று நான் நினைத்தேன். அந்த வீட்டில் யாருக்கும் அந்தச் சாய்ப்பின் அர்த்தம் தெரியாததால், மேடமே எழுந்துகொண்டார். காரில் வரும்போது, "அவரு எவ்வளவு மனசாரச் சொல்லுவாரு" என்றார். கொஞ்சதூரம் போன பிறகு, "இனிமே அந்தம்மாதான் சொல்லணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அடைக்கலம் இல்லாதது அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் கண்மாயைப் பார்க்க வந்தார்கள். கரையில் பந்தல் போட்டோம். அவர்கள் காலடியில் தண்ணீர் தெரிந்தது. ஊர்க்காரர்கள் வரிசையாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாகப் பொன்னழகியைக் கூப்பிட்டார் மேடம். அந்தம்மா வந்து மைக்கின் முன் நின்றார். நேரம் போயிற்று. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்தம்மாவின் தோளில் கையைப் போட்டார். மைக்கை ஆஃப் செய்யச் சொல்லி என்னிடம் கண் காட்டினார். நான் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் கேட்டேன்.

"அவரு இருந்தா இப்படி நிப்பாரா பொன்னழகி?"

"என்ன சொல்லணும்?"

"ஒங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

பொன்னழகி அவரைத் திரும்பிப் பார்த்தார். "மனசுல இருக்கறதச் சொல்லவா?"

மேடத்தின் கை தோளில் அப்படியே இருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு, இன்னும் மெதுவாக, "நன்றிய மட்டும் சொல்லுங்க" என்றார். "வாய் விட்டு."

என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மைக்கைப் போட்டேன். பொன்னழகி சொன்னார். வந்தவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அது நன்றாகப் போயிற்று என்பதால் வழக்கமாகிவிட்டது. யார் வந்தாலும் பொன்னழகிக்கு ஆள் போகும். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறவர் குடத்தை வைத்துவிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வருவார். பேச்சை மேடமே சீர்செய்து கொடுத்தார். பேரைச் சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் இதே கண்மாயில்தான் போனார் என்று சொல்ல வேண்டும், ஆனாலும் தண்ணீரைப் பார்த்தால் மனசு நிறைகிறது என்று சொல்லி, கடைசியில் நன்றி. "தவறிட்டாருங்கிற எடத்துல கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஒரு முறை சொன்னார். அதற்கடுத்த முறை அந்தம்மா நிறுத்தினார்.

எனக்குத் திருச்சியில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. அனுபவச் சான்றிதழில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். நான் அவரைக் காக்க வைக்கவில்லை. "நன்றி மேடம்" என்றேன்.

"மனசாரச் சொன்னியா?" என்றார்.

"ஆமா மேடம்."

"இல்ல" என்றார். "பரவால்ல. சொன்னேல்ல, அது போதும்."

பிறகு அவர் வேறு மாநிலத்தில் ஆறு ஒன்றைச் சீரமைக்கும் பெரிய வேலை எடுத்துப் போய்விட்டார். கீழ ராஜ வீதி மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. அவர் அங்கேயும் நன்றாக இருப்பதாகத்தான் கேள்வி. விருதுகூட வாங்கியிருக்கிறார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி நாட்களில் அவருக்குப் பேச்சு ஓரளவு திரும்பியிருந்தது. யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை. மருந்து கொடுத்தால், தலையணையைச் சரிசெய்தால், என்னிடமும் அம்மாவிடமும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார். வேண்டாம்பா என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை.

போன மாசியில் மணப்பாறைப் பக்கம் ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பும்போது, டிரைவரிடம் சொல்லி அந்த ஊருக்குள் காரைத் திருப்பினேன். கரையில் மரங்கள் நிழல் விழுகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் கிடந்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஊர்க்காரர்கள் முள் அடைத்திருந்தார்கள். டிரைவர் காரை நிழலில் நிறுத்தப் போனான். நான் மட்டும் நடந்தேன்.

ஒரு புங்க மரத்தடியில் பொன்னழகி உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். ஆள் வருவதைப் பார்த்ததும் எழுந்தார். சேலையை உதறி இழுத்துக் கட்டிக்கொண்டார். கையைக் கூப்பினார்.

"வணக்கம். என் பேரு பொன்னழகி."

"அக்கா, நான்தான். சைட்ல இருந்தேன்ல, வீடியோ எடுப்பேன்ல."

"தெரியுது தம்பி. இருங்க, சொல்லி முடிச்சிர்றேன்."

சொன்னார். தவறிட்டாரு என்கிற இடத்தில் நிறுத்தினார். தண்ணீரைப் பார்த்து மனசு நிறைகிறது என்றார். மேடத்துக்கு நன்றி என்றார். பிறகு கையை இறக்கிவிட்டு, "நல்லா இருக்கீங்களா, அப்பாரு எப்படி இருக்காக?" என்று கேட்டார். அப்பா போய்விட்டதைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார்.

"அக்கா, இப்ப யாரும் வாரதில்லேல்ல? மேடமும் இங்க இல்ல. எதுக்கு இன்னமும் சொல்றீங்க?"

அவர் முள்வேலிப் பக்கம் பார்த்தார். "சொல்லாம விட்டா வேற என்னென்னமோ வாயில வருது தம்பி. கேக்கச் சகிக்காது. இது பழகிருச்சு."

காரை நிறுத்திவிட்டு டிரைவர் கரைமேல் ஏறி வந்தான். புது முகத்தைப் பார்த்ததும் பொன்னழகி என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். சேலையை உதறி இழுத்துக் கட்டிக்கொண்டு கையைக் கூப்பினார்.

"வணக்கம். என் பேரு பொன்னழகி" என்று ஆரம்பித்தார்.

ஒன்றும் தெரியாத டிரைவர், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பதிலுக்குக் கையைக் கூப்பிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டான்.